கடல் கடந்த கைராசி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், அபிஷேகப்பாக்கத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மருத்துவரைப் பற்றிச் சிற்றூர் மக்கள் பேசும்போது முதலில் வரும் சொல் 'கைராசி' என்பதாகும். அவர் எங்கே படித்தார், பெயருக்குப் பின்னால் எத்தனை பட்டங்கள் என்பதைப் பலரும் அறியார். "அவர் கைராசிக்காரர், ஒரு வேளை மருந்திலேயே காய்ச்சல் விட்டுவிடும்" என்பர். தவளக்குப்பத்திலும் கரிக்கலாம்பாக்கத்திலும் பாகூரிலும் இவ்வழக்கு இன்றும் உண்டு. கைராசி என்பதற்கு நற்பேறு என்று அகராதி பொருள் சொல்லும். ஊர் வழக்கில் அதன் பொருள் இன்னும் ஆழமானது. பல ஆண்டுகள் ஒரே ஊரில் இருந்து, பாட்டியின் மூச்சிரைப்பையும் பேரனின் மாந்தத்தையும் ஒரே வீட்டில் கண்டு, நள்ளிரவில் கதவைத் தட்டியபோதும் எழுந்து வந்த ஒருவர்மேல் மக்கள் கொண்ட நம்பிக்கைக்கே கைராசி என்று பெயர். அது மருத்துவரின் கையில் இருப்பதன்று; ஊராரின் நினைவில் இருப்பது.

அவ்வாறாயின், அம்மருத்துவர் கடல் கடந்து வேற்று நாட்டில் வாழ நேர்ந்தால் கைராசியும் உடன் செல்லுமா? சென்ற இடத்தில் அவர் எதைக் கொண்டு மீண்டும் மருத்துவராகிறார்? அவர் விட்டுச் சென்ற ஊர் என்னாகிறது? இவ்வுரை எழுப்பும் வினாக்கள் இவையே.

நான்கு கூறுகள்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வள்ளுவர் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என்பன அவை. இந்நான்கும் ஓரிடத்தில் கூடினால்தான் மருத்துவம் நிகழும் என்பது அப்பகுப்பின் உட்பொருள்.

புலம்பெயரும் மருத்துவர் இந்நான்கில் ஒன்றை மட்டுமே, அதாவது தம்மை மட்டுமே எடுத்துச் செல்கிறார். நோயாளி மாறுகிறார். மருந்தின் வணிகப் பெயர் மாறுகிறது. அருகிருந்து உதவும் செவிலியரின் பேச்சு மாறுகிறது. மாறாமல் எஞ்சுவது அவர் கற்ற கல்வி ஒன்றே. அக்கல்வியையும் புதிய நாடு அப்படியே ஏற்பதில்லை. மீண்டும் மெய்ப்பித்துக் காட்டுமாறு கேட்கிறது.

அவ்வாறு கேட்பது தவறென்று சொல்லிவிட இயலாது. உயிரைக் கையில் ஒப்படைக்கும் மக்களுக்கு, அக்கை கற்ற கைதானா என்று அறியும் உரிமை உண்டு. சோதனை எந்த இடத்தில் முடிகிறது, ஐயம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதே ஆராயத்தக்கது.

குடியுரிமையும் பட்டமும்

புதுச்சேரி மண்ணுக்குக் கடல் கடந்த வாழ்வு புதிதன்று. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய 'சொல்தா' குடும்பங்களை இப்பகுதியினர் நன்கறிவர். சைகோனுக்கும் ரீயூனியனுக்கும் சென்ற முன்னோரின் கதைகள் வீடுகளில் வழங்குகின்றன. 1962 ஆகஸ்டு 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத காலம் வாய்ப்பளிக்கப்பட்டது. அன்று தாத்தா இட்ட ஒரு கையெழுத்தால் இன்று பேரன் பாரீசுக்கு உரிமையோடு போய் இறங்க முடிகிறது.

ஆனால் அப்பேரன் கோரிமேட்டில் மருத்துவம் படித்தவராயின் அங்கே ஒரு வியப்பு அவருக்குக் காத்திருக்கும். குடியுரிமை நாட்டுக்குள் நுழைய உதவுமேயன்றி நோயாளியைத் தொட உதவாது. பிரான்சில் மருத்துவத் தொழில் செய்வதற்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் பிரெஞ்சுப் பட்டமும் வேண்டும் என்று 1933ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு விதித்தது. பின்னாளில் விதிகள் பலவாறு தளர்ந்தன. எனினும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பட்டம் பெற்றவர்கள் தனியே அறிவுத் தேர்வு எழுதி, மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்றிய பின்னரே முழு உரிமை பெறுகின்றனர். அதுவரை அவர்களுட் பலர் குறைந்த நிலைப் பதவிகளிலும் குறைந்த ஊதியத்திலும் அந்நாட்டு மருத்துவமனைகளைத் தாங்கி நிற்கின்றனர்.

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. ஜிப்மர் தன் தொடக்கத்தை 1823இல் பிரெஞ்சியர் புதுச்சேரியில் நிறுவிய மருத்துவப் பள்ளியில் காண்கிறது. அது 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் இன்றைய பெயரைப் பெற்றது. பிரெஞ்சியர் விதைத்த விதையில் முளைத்த கல்வியைப் பிரான்சே மறுபடியும் சோதித்துப் பார்க்கிறது.

இலண்டனில் ஒரு சொல்

பிரித்தானியாவின் தேசிய நலவாழ்வுப் பணி 1948 ஜூலை 5இல் தொடங்கியது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் அதனைத் தாங்கிய தூண்களுள் இந்திய, பாகிஸ்தானிய, இலங்கை மருத்துவர்கள் முதன்மையானவர்கள். அந்நாட்டு மருத்துவர்கள் செல்ல விரும்பாத தொழில் நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளிலும், தென் வேல்சின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளிலும் அவர்கள் குடும்ப மருத்துவர்களாக அமர்ந்தனர். அறுவை மருத்துவமும் இதய மருத்துவமும் பெருமைக்குரிய துறைகளாக உள்ளூரார்க்குச் சென்றன. முதியோர் மருத்துவமும் மனநல மருத்துவமும் வந்தவர்க்கு எஞ்சின.

1975 முதல், வெளிநாட்டில் பயின்று தற்காலிகப் பதிவு வேண்டியவர்களுக்குப் பிரித்தானியப் பொது மருத்துவ மன்றம் தேர்வு வைத்தது. மருத்துவ அறிவோடு மொழியறிவும் அதில் சோதிக்கப்பட்டது. பின்னர் 'பிளாப்' என்று பெயர் பெற்ற அத்தேர்வின் பெயரை அறியாத தமிழ் மருத்துவ மாணவர் அரியர்.

மொழியறிவு என்றதும் இலக்கணமும் உச்சரிப்பும் நினைவுக்கு வரும். இடர் அங்கில்லை. பாடநூல் ஆங்கிலத்தில் தேர்ந்தவர் அவர். ஆனால் நோயாளி பாடநூல் மொழியில் பேசுவதில்லை. முதியவர் ஒருவர் தமக்கு 'வாட்டர்வொர்க்ஸ்' சரியில்லை என்பார். நகராட்சிக் குடிநீர்க் குழாயைப் பற்றி அவர் குறை கூறவில்லை. சிறுநீர் கழிப்பதில் உள்ள துன்பத்தை நாகரிகமாகச் சொல்கிறார். அச்சொல்லை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ எந்தப் பேராசிரியரும் கற்பித்திருக்கமாட்டார்.

தமிழில் நோவுக்கு எத்தனை சொற்கள் உள்ளன என்று கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, சுருக்கென்று தைத்தல், விண்விண் என்று தெறித்தல் ஆகிய ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயின் வாசல். மூட்டில் குடைச்சல் என்றால் ஒன்று, தோளில் பிடிப்பு என்றால் மற்றொன்று. நெஞ்சைக் கரிக்கிறது என்பவரும் நெஞ்சை அடைக்கிறது என்பவரும் ஒரே இடத்தில்தான் கை வைத்துக் காட்டுவர். முன்னவர்க்குப் பெரும்பாலும் புளிப்பு நீர்; பின்னவரை ஒரு நொடியும் காத்திருக்க வைத்தல் ஆகாது. தாய்மொழியில் இவ்வேறுபாடு மருத்துவரின் காதிலேயே தெளிந்துவிடும். வேற்று மொழியில் அவர் அதனைக் கேட்டுக் கேட்டுத் தேற வேண்டும். நாற்பது வயதில் ஒருவர் மீண்டும் மழலையாவதற்கு ஒப்பானது அது.

காது தேறிய பின்னும் மற்றொரு சுவர் எஞ்சியது. அனீஸ் இஸ்மாயில், சாம் எவரிங்டன் ஆகிய இரு மருத்துவர்கள் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தகுதியில் நிகரான விண்ணப்பங்களைச் சிலவற்றுக்கு ஆங்கிலப் பெயரும் சிலவற்றுக்கு ஆசியப் பெயரும் இட்டு மருத்துவமனைப் பணியிடங்களுக்கு அனுப்பினர். ஆங்கிலப் பெயர் தாங்கியவை நேர்காணலுக்குத் தெரிவானது ஆசியப் பெயர் தாங்கியவற்றைப் போல் இரு மடங்கு. அவ்விண்ணப்பங்களில் இருந்தோர் அனைவரும் பிரித்தானியாவிலேயே பயின்றவர்களாகக் காட்டப்பட்டனர் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. பட்டம் அந்நாட்டதாக இருந்தும் பெயரே தடையாயிற்று. பொய் விண்ணப்பம் அனுப்பினர் என்று ஆய்வாளர் இருவரும் கைது செய்யப்பட்டனர், வழக்குத் தொடரப்படவில்லை. உண்மையைச் சொல்ல முயன்றவர்க்கு முதலில் கிடைத்தது காவல் நிலையமே.

இத்தனைக்கும் இடையில் அவர்கள் என்ன செய்தனர் என்பதற்கு ஒரு வாழ்வே சான்று. அன்ரன் செபஸ்டியன்பிள்ளை என்னும் இலங்கைத் தமிழ் மருத்துவர் 1967இல் பேராதனையில் பட்டம் பெற்றவர். இலண்டனை அடுத்த கிங்ஸ்டன் மருத்துவமனையில் முதியோர் மருத்துவ வல்லுநராக நெடுங்காலம் பணியாற்றினார். மருத்துவப் பணிக்கிடையே மருத்துவ வரலாற்றுக்கென ஓர் அகராதியை ஆங்கிலத்தில் தனியொருவராகத் தொகுத்தார். இலங்கையின் வரலாற்றையும் படங்களுடன் நூலாக்கினார். எழுபது வயதைக் கடந்த பின்னும் பணியை விடவில்லை. கொரோனாப் பெருந்தொற்றுப் பரவிய 2020 மார்ச் 20இல் தம் கடைசிப் பணிமுறையை முடித்தார். ஏப்ரல் 4இல் அதே மருத்துவமனையில் அத்தொற்றுக்கு உயிர் நீத்தார். அந்நாட்டில் அத்தொற்றால் முதலில் உயிரிழந்த மருத்துவர்கள் நால்வரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களே. தேர்வு வைத்துத் தேர்வு வைத்து உள்ளே விட்ட நாட்டுக்கு அவர்கள் எழுதிய இறுதி விடை அது.

ஈழத்திலிருந்து சென்றவர்களின் வழி இன்னும் கடினமானது. 1983 ஜூலைக்குப் பின்னர்ப் புறப்பட்டவர்கள் வருவாயை மட்டும் நாடிச் சென்றவர்களல்லர். 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படையினர் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் அங்கேயே உயிரிழந்தனர். மருத்துவமனையே பாதுகாப்பற்றதான மண்ணிலிருந்து ஒருவர் புறப்படும்போது சான்றிதழ்களை வரிசையாக அடுக்கி எடுத்துவர இயலுமா? புதிய நாடோ பட்டச் சான்று, பதிவுச் சான்று, நன்னடத்தைச் சான்று அனைத்தையும் கேட்கும். அவை வந்து சேர்வதற்குள் ஆண்டுகள் கழியும். கற்ற கை பழக்கம் இழக்கும்.

டென்னசியின் மலையூர்

அமெரிக்காவின் வழி வேறு. 1956இல் அங்கு அமைந்த ஒரு குழு, வெளிநாட்டில் மருத்துவம் பயின்றவர்களைத் தேர்வு வைத்துச் சான்றளித்து வருகிறது. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஆசியர்க்குக் கதவைத் திறந்தது. ஆனால் சான்று பெற்றதும் மருத்துவராகிவிட முடியாது. 'ரெசிடென்சி' என்னும் பயிற்சியைக் குறைந்தது மூன்றாண்டுகள் தொடக்கத்திலிருந்து செய்தல் வேண்டும். சொந்த ஊரில் ஆயிரம் பிரசவம் பார்த்தவரும் அங்கு நேற்றுப் படிப்பு முடித்த இளைஞருடன் இரவுக் காவல் இருக்க வேண்டும்.

ஆபிரகாம் வர்கீசின் வாழ்க்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கேரளப் பெற்றோர்க்கு எத்தியோப்பியாவில் 1955இல் பிறந்தவர் அவர். அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது 1974இல் பேரரசர் பதவியிறக்கப்பட்டார், நாடு கலங்கியது. படிப்பு பாதியில் நிற்க, அமெரிக்கா சென்று மருத்துவமனைகளில் கடைநிலை உதவியாளராக வேலை செய்தார். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும் துடைத்துத் தூய்மை செய்வதும் அவர் பணி. பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து 1979இல் பட்டம் பெற்றார். மீண்டும் அமெரிக்கா சென்றபோது பெயர் பெற்ற மருத்துவமனைகள் அவர்போன்றோரை எளிதில் ஏற்கவில்லை. டென்னசி மாநிலத்தின் ஜான்சன் சிட்டி என்னும் மலையூரில் அவருக்கு இடம் கிடைத்தது.

அவ்வூருக்கு 1980களில் எய்ட்ஸ் நோய் வந்தது. பெருநகரங்களில் நோயுற்ற இளைஞர்கள் இறப்பதற்காகத் தாய் வீடு திரும்பினர். அவர்களைத் தொட்டுச் சோதித்தவர் கடல் கடந்து வந்த இம்மருத்துவர். ஊரை விட்டு வந்த மருத்துவரும் ஊருக்குத் திரும்பி வந்த நோயாளியும் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட கதையையே 1994இல் 'என் சொந்த நாடு' என்று பொருள்படும் தலைப்பில் அவர் நூலாக்கினார். கடைநிலை உதவியாளராக இருந்த நாள்களே தம்மை மருத்துவராக்கின என்று சொல்லத்தக்க வாழ்வு அது. வள்ளுவர் பகுத்த நான்கில் அருகிருந்து உதவுபவராக முதலிலும், நோய் தீர்ப்பவராகப் பின்னரும் அவர் இருந்திருக்கிறார்.

அதே டென்னசி மாநிலம்தான் 2023இல், வெளிநாட்டில் பயிற்சி முடித்த மருத்துவர்கள் அமெரிக்கப் பயிற்சியைத் திரும்பச் செய்யாமலே மேற்பார்வையின் கீழ்ப் பணியாற்ற வழிசெய்யும் சட்டத்தை அந்நாட்டில் முதலாவதாக இயற்றியது. சிற்றூர்களுக்கு மருத்துவர் கிடைக்காத நெருக்கடியே கதவைத் தளர்த்தியது. தேவை வரும்போது தகுதி கண்ணுக்குத் தெரிகிறது.

கதவுகள் பலவிதம்

ஆஸ்திரேலியாவில் 1992இல் வெளிநாட்டு மருத்துவர்க்கு ஆண்டுக்கு 200 பேர் என்று வரம்பு வைக்கப்பட்டது. எழுத்துத் தேர்வில் தேறியவர்களும் முதல் 200க்குள் வராவிடின் அடுத்த நிலைக்குச் செல்ல முடியவில்லை. இந்தியாவில் பயின்ற மருத்துவர் ஒருவர் இதனை எதிர்த்து முறையிட்டார். 1995இல் மனித உரிமை ஆணையம் அவர் பக்கம் நின்றது. மறு ஆண்டு நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. கனடாவில் 2012இல் வெளிவந்த அரசு ஆய்வொன்று வாடகைக் கார் ஓட்டுநர்களிடையே மருத்துவப் பட்டதாரிகளும் இருந்ததைக் காட்டியது.

பிற நாடுகளைக் குறை கூறும்போது இந்நாட்டின் கதவையும் நோக்க வேண்டும். வெளிநாட்டில் மருத்துவம் பயின்று திரும்பும் இந்தியர்க்கு 2002 முதல் தகுதித் தேர்வு உண்டு. அதில் தேறுவோரினும் தவறுவோரே பெரும்பாலர். ரஷ்யாவிலும் சீனாவிலும் படித்து வந்து, வெள்ளை மேலங்கியைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டுப் பயிற்சி நிலையத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் உள்ளனர். சொந்த நாட்டிலேயே ஒருவர் புலம்பெயர்ந்தவராக நிற்கும் நிலை இது.

வீட்டுக்குள் நிகழும் மற்றொரு தேர்வையும் குறிப்பிடுதல் வேண்டும். கணவன் மனைவி இருவரும் மருத்துவராயின் இருவரும் ஒருசேரப் படித்துத் தேர்வெழுதப் பணமும் நேரமும் இடந்தருவதில்லை. யார் முதலில் எழுதுவது? பல குடும்பங்களில் மனைவி குழந்தையையும் அடுப்பையும் ஏற்றுக்கொண்டு, 'அடுத்த ஆண்டு' என்று ஒத்திவைக்கிறார். சில அடுத்த ஆண்டுகள் வருவதேயில்லை. குடும்பம் வென்றது என்று ஊரார் மகிழும்போது அதற்குள் ஒரு மருத்துவர் மறைந்துபோனதை எவரும் கணக்கில் வைப்பதில்லை.

மானிப்பாயில் ஓர் அயலார்

இதுவரை சொன்னவை தமிழர் அயல் மொழிக்குச் சென்ற கதைகள். எதிர்த்திசையில் வந்தவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை அமைத்தார். அவரும் வேற்று நாட்டில் தம் மருத்துவத்தை மறுபடி தொடங்கியவரே. ஆனால் அவரிடம் எவரும் தேர்வு கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆள்வோரின் நிறம் பெற்றவர்க்குக் கதவே இல்லை.

எனினும் தமக்குத் தாமே ஒரு தேர்வு வைத்துக்கொண்டார் அவர். தமிழ் கற்றார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தவர், 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், கெமிஸ்தம் என்று நூல்கள் தமிழில் வந்தன. மாணவர்களும் அவருடன் சேர்ந்து கலைச்சொல் ஆக்கினர்.

அவர் மொழி மாற்றியதன் காரணம் இவ்வுரையின் மையத்தைத் தொடுவது. ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசுப் பதவியையும் அயலூரையும் நாடிச் செல்வர். தமிழில் பயின்றவர்கள் தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களைக் காப்பர் என்று அவர் கருதினார். மருத்துவர் வெளியேற்றம் என்று இன்று பேசப்படும் சிக்கலை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அயலார் தமிழ் மண்ணில் நின்று கண்டிருக்கிறார். 1873இல் அவர் தாயகம் திரும்பினார், 1884இல் மறைந்தார். அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. ஆனால் அவர் எழுப்பிய வினா நிலைத்திருக்கிறது.

ஊரின் கணக்கு

பாகூரில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் ஒரு கல்விச்சாலை இருந்தது. அதன் பொருட்டு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. உழவரின் விளைச்சலில் கற்றோர் கற்றனர் என்பதே அதன் பொருள். இன்றும் அரசு மருத்துவக் கல்லூரியில் ஒருவர் சிறு கட்டணத்தில் கற்பது ஏரிக்கரை உழவரும் கட்டடத் தொழிலாளரும் செலுத்தும் வரியால்தான். கற்றவர் சென்றுவிட்டால் கொடுத்தவர்க்கு என்ன மிஞ்சும் என்று அவர்கள் கேட்பது முறையே.

அதற்காகச் சென்றவரைப் பழிப்பது முறையன்று. போரும் பாகுபாடும் துரத்தியவர் உளர். தகுதிக்கேற்ற இடமின்மையால் சென்றவர் உளர். குழந்தைகளின் வாழ்வை எண்ணிச் சென்றவரும் உளர். அவர்கள் தாய்மொழியை மறந்துவிடவுமில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழிருக்கை அமைய முதலில் ஆளுக்கு 5 இலட்சம் டாலர் அளித்த ஜானகிராமன், திருஞானசம்பந்தம் இருவரும் அமெரிக்காவில் வாழும் தமிழ் மருத்துவர்களே. தேவையான 60 இலட்சம் டாலர் 2018இல் நிறைந்தது. ஆயினும் ஹார்வர்டில் இருக்கை அமைந்ததால் சிற்றூர் ஆரம்ப நலவாழ்வு நிலையத்தில் காலியாக உள்ள மருத்துவர் இருக்கை நிறைந்துவிடாது. இரண்டு உண்மைகளையும் ஒருசேர ஏற்பதே நேர்மை.

சென்றவர்க்கு மாலையும் வேண்டா, வசையும் வேண்டா. ஏற்கும் நாடு அறிவைச் சோதிக்கட்டும். பெயரையும் நிறத்தையும் சோதியாதிருக்கட்டும். அனுப்பும் நாடு சிற்றூர் மருத்துவர்க்குக் குடியிருக்க வீடும், பிள்ளை படிக்கப் பள்ளியும், அச்சமின்றிப் பணி செய்யும் சூழலும் தரட்டும். அவை தராமல் நாட்டுப்பற்றை மட்டும் பேசுவது நோயாளிக்கு மருந்து தராமல் நலம் விசாரிப்பதற்கு ஒப்பாகும்.

கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள்

புலம்பெயர் தமிழிலக்கியத்தில் உணவகத்தில் பாத்திரம் துலக்கியவரின் துயரும் எல்லையில் பிடிபட்டவரின் துயரும் இடம் பெற்ற அளவுக்கு மருத்துவரின் துயர் இடம் பெறவில்லை. அவர் வென்றவர், அவருக்கென்ன துயர் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். எழுவைதீவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய கால்நடை மருத்துவர் நோயல் நடேசன், மெல்பேர்ண் விலங்கு மருத்துவமனை ஒன்றைக் களமாக்கி 'அசோகனின் வைத்தியசாலை' என்னும் நாவலை எழுதியுள்ளார். அவ்வழியில் இன்னும் பலர் எழுத வேண்டும்.

இவ்வட்டத்தின் கவிஞர்கள் அதற்கு வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. பொங்கலுக்கோ சிங்கிரிக்குடி நரசிம்மர் கோயிலுக்கோ விடுமுறையில் ஊர் வந்திருக்கும் மருத்துவர் வீட்டுத் திண்ணையில் சற்று அமர்ந்தால் போதும். தேர்வில் தவறிய ஆண்டு எது, பணியில்லாத நாள்களில் என்ன வேலை செய்தார், முதன்முதலில் அயல்மொழியில் ஒருவர் தம் வலியைச் சொன்னபோது என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று கேட்க வேண்டும். அவர் மனைவியிடமும் தனியே கேட்க வேண்டும்.

கைராசி உடன் செல்லுமா என்னும் வினாவோடு இவ்வுரை தொடங்கியது. செல்வதில்லை. அது பிறந்த ஊரிலேயே தங்கிவிடுகிறது. சென்ற இடத்தில் மருத்துவர் ஒவ்வொரு நோயாளியாக, ஒவ்வொரு சொல்லாக அதை மீண்டும் ஈட்டுகிறார். கிங்ஸ்டன் முதியோர்க்கு ஒரு செபஸ்டியன்பிள்ளை அவ்வாறு கைராசிக்காரரானார். அபிஷேகப்பாக்கத்து முதியோர்க்கும் அப்படி ஒருவர் வேண்டும்.